மிஞ்சின சோறு

உட்துறைமுக வீதி மண்டபத்தில்
கலியாணம் முடிந்து கதிரைகளை அடுக்கியபின்
அண்டாவில் முழங்கை ஆழம் சோறு.
"கொட்டப்போறம், வேணுமெண்டா அள்ளு" என்றார் முதலாளி.
அள்ளினேன்.
பருப்புப் பட்ட சோறு, பாயாசம் பட்ட சோறு,
இரண்டு வாளி.
மூதூர் கடைசி பஸ்ஸில் கால்களுக்கு நடுவே
வாளிகள் இன்னும் சுட்டன.

சம்பூரில் என் மூன்று ஆடுகளும்
அன்றைக்குத்தான் முதல்முறை
பந்தியில் இருந்தன.
குழையை மறந்தன. வாளிக்குள் தலையை விட்டு
காதுவரைக்கும் தின்றன.
பார்த்துக்கொண்டே நின்றேன்.
எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

இவற்றின் தாய்க்குத் தாய்
கிளிவெட்டி முகாமில் அட்டைப்பெட்டி தின்றது.
தறப்பாளின் ஓரம் தின்றது.
நிவாரண அட்டையை ஒருமுறை பாதி தின்றது,
அந்தக் கிழமை எங்களுக்கு மா இல்லை.
அதற்கும் அது சாகவில்லை.
குட்டி போட்டது.
அந்த வயிற்றின் வம்சத்தைச்
சோறு கொல்லும் என்று ஆர் நினைப்பார்?

விடியப்புறம் சிவலைக்கு இடது விலா
தவில்போல ஏறியிருந்தது.
அசை இல்லை. பல்லை நறநறவென்று கடித்தது.
மூச்சில் புளித்த கள் மணம்.

மிருக வைத்தியர் ஹஸ்மியா
போனில் முதலில் கேட்டது:
"என்ன குடுத்தீங்க?"
"சோறு."
"எவ்வளவு?"
வாளியைப் பார்த்தேன்.
வாளி என்று சொல்ல வாய் வரவில்லை.

அப்பச்சோடாவைத் தண்ணியில் கரைத்துக்
கடைவாயால் மெல்ல மெல்லப் பருக்கச் சொன்னா.
நடத்தச் சொன்னா.
கறுப்பியும் மறியும் நடந்தன.
சிவலை கிணற்றடிவரை வந்து,
ஏதோ யோசிப்பதுபோல் நின்று,
சரிந்தது.

பசியில் சாகாத வீட்டில்
விருந்தில் ஒரு சாவு.

பத்து மணிக்கு ஸ்கூட்டியில் வந்தா.
வளவைச் சுற்றி நடந்தா.
"வேலிப் பூவரசு நல்லம். பலாக்குழையும் பயமில்லை.
மரவள்ளிக் குழை பச்சையாப் போடாதீங்க,
வெயில்ல நல்லாக் காயட்டும், அதுவும் கொஞ்சம்.
இந்த அலரி ஆர் நட்டது?"
நான்தான். பூசைக்கு.
"பூசைக்கு இருக்கட்டும். ஆட்டுக்கு ஒரு கை இலை காணும்,
பிறகு என்னைக் கூப்பிட்டும் வேலையில்லை."
யூரியாப் பையை வெட்டி நான் தண்ணி வைத்திருந்ததைக்
காலால் தள்ளிக் கவிழ்த்தா.
அதற்குப் பேச்சே இல்லை.

"சோறு விஷமில்லை அக்கா.
அதுட வயித்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத
ஒரு கூட்டம் இருக்கு, புல்லுக்குப் பழகின கூட்டம்.
ஒரே ராவில வாளியோட கொட்டினா
புளிச்சு அதுகள் செத்திரும்.
பிறகு ஆடு."

நான் வேறொரு கூட்டத்தை நினைத்தேன்.
வருஷக்கணக்காய் அளந்து தந்த அரிசியிலிருந்து
ஊர் திரும்பிய முதல் நாள்,
ஆரோ அண்டா அண்டாவாய்ச் சமைத்துத் தந்த இறைச்சிச் சோறு.
அன்றிரவு முழுக்க
வயிற்றைப் பிடித்தபடி பற்றைக்குள் ஓடினோம்,
ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு.

அடுத்த முகூர்த்தம் ஆவணியில்.
முதலாளி அண்டாவைத் திறந்து கூப்பிட்டார்.
"சோறு வேண்டாம். இலையைத் தாங்க."
"எச்சில் இலையா?" என்று சிரித்தார்.
குழாயடியில் குந்தி
ஒவ்வொன்றாய்க் கழுவினேன்.
ஊறுகாய், உப்பு, அப்பளத் துகள்,
ஆரோ ஒரு குழந்தை தொடாமலே வைத்த முழு வடை.
பிள்ளைகள் பந்தியின் லஞ்ச் சீட்டுகளை
வேறாக எறிந்தேன்.
நூற்றுப் பதினேழு இலை.

பஸ்ஸில் நீர் சொட்டச் சொட்ட
கட்டு மடியில் இருந்தது.
கிண்ணியாப் பாலத்தில் காற்று அதை விரிக்கப் பார்த்தது.
பக்கத்தில் இருந்தவர் கேட்டார்,
வீட்டில் விசேஷமோ?

ஓம் என்றேன்.
ரெண்டு பேருக்கு.